தேரைப் பாருங்கள், தேர் முடிந்த பிறகு நிற்க வேண்டாம்

வைகாசிச் சடங்கில் தொடங்கி ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடியும்வரை எனக்கு வரும் கேள்விகளில் பாதி ஒன்றேதான்: "குடியை விட்டாச்சு, கோயிலுக்குப் போகலாமா?" வேறு சிலவும் இந்த முறை சேர்ந்திருக்கின்றன. ஊரை மட்டும் போட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

குடியை விட்டு ஐந்து மாதம். எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் சடங்குக்குக் கதவு திறந்த நாளிலிருந்து, அம்மனைக் குளிர்விக்கப் பாடும் கடைசி நாள் குளிர்த்தி வரை கோயிலடியில்தான் கிடப்பேன், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த வருடம் வீட்டிலேயே இருங்கள் என்கிறா மனைவி. (களுவாஞ்சிக்குடி)

போங்கள். வீட்டில் இருத்தி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. உடுக்குச் சத்தம் வீட்டுக்கும் கேட்கும். ஊரே கோயிலில் நிற்க நீங்கள் மட்டும் திண்ணையில் தனியே இருந்தால் அந்தத் தனிமையே போத்தலைத் தேட வைக்கும்.

திருவிழாவில் எந்த நேரத்தில் குடித்தீர்கள் என்று என்னிடம் வருபவர்களைக் கேட்பேன். பூசை நேரத்தில் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. பந்தல் வேலை முடிந்த களைப்பில், பூசைக்கும் பூசைக்கும் இடையில், குளிர்த்தி பாடி முடிந்து விடியப்போகும் நேரத்தில், வாவிக்கரைப் பக்கம் நாலு பேர் ஒதுங்கும்போதுதான் அது நடக்கிறது. கை சும்மா இருக்கும் நேரம் அது. திட்டம் போட வேண்டியதும் அந்த நேரத்துக்குத்தான்.

ஆகவே ஒரு வேலையைப் பொறுப்பெடுங்கள்: தண்ணீர்ப் பந்தல், அன்னதானச் சமையல், செருப்புக் காவல்கூடப் பரவாயில்லை. திரும்பி வரும் வழியும் உங்கள் கையில் இருக்கட்டும். மச்சானுடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிப் போனால் அவர் எழும்பும்வரை நீங்களும் இருக்க வேண்டி வரும். ஆட்டோவுக்குச் சொல்லி வையுங்கள். வயிற்றைக் காயப் போடாதீர்கள். பசியும் களைப்பும் குடிக்கும் ஆசையைக் கிளப்பிவிடும். குளிர்த்தி போயா தினத்தில் (பௌர்ணமி விடுமுறையில்) வந்தால் மதுக்கடை பூட்டுத்தானே என்று நம்பியும் இருக்க வேண்டாம். முதல் நாளே வாங்கி ஒளித்து வைப்பவர்கள் நம்மவர்கள்.

ஆசை வந்தே விட்டால்? அமெரிக்க உளவியலாளர் அலன் மார்லட் அதை அலைக்கு ஒப்பிட்டார். எழும், உச்சிக்குப் போகும், சரியும். கல்லடிக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணிந்துவிடும். ஒரு பை கச்சான் (நிலக்கடலை) வாங்கி உடைத்துக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வாருங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை: அரை மணித்தியாலம் கையும் வாயும் ஓயாது.

மனைவியிடம் "என்னை நம்பு" என்று சொல்லாதீர்கள். "பதினொரு மணிக்கு வருவேன்" என்று சொல்லி, பதினொரு மணிக்கு வாருங்கள்.

மகனுக்குக் காலையில் கசிப்பு (கள்ளச்சாராயம்) குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கும். இந்த முறை தீ மிதிக்கக் காப்புக் கட்டப் போகிறான். அன்றோடு குடியை விடுவேன் என்று திரௌபதை அம்மனுக்கு நேர்ந்திருக்கிறான். சந்தோசமாகவும் இருக்கு, பயமாகவும் இருக்கு. (ஒரு தாய், பாண்டிருப்பு)

உங்கள் பயம் சரியான பயம், அம்மா. காலை நடுக்கம் என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. அப்படிப்பட்டவர் சட்டென்று நிறுத்தினால் சில மணித்தியாலங்களிலேயே வியர்வை, வாந்தி, நடுக்கம் தொடங்கும். முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு உளறல் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

நம் பக்கத்தில் இது எப்படிப் போகும் தெரியுமா? காப்புக் கட்டிய மூன்றாம் நாள் பிள்ளை சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறான், யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிறான். வீட்டார் தெய்வம் வந்திருக்கிறது என்றோ, காப்பில் குற்றம் என்றோ பூசாரியான கட்டாடியாரிடம் கொண்டு ஓடுகிறார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடுக்கமும் வியர்வையும் காய்ச்சலும் கூட வந்தால் அவன் போக வேண்டிய இடம் வைத்தியசாலை, அதுவும் உடனே.

காப்புக்கு மூன்று கிழமைக்கு முன்பே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அரச வைத்தியசாலை, காசு இல்லை. சில நாட்களுக்கு அளவைக் குறைத்துக் குறைத்து மருந்து தருவார்கள். மூளையைக் காக்கத் தயமின் என்ற விற்றமின் பி1 கொடுப்பார்கள். அதுவரை போத்தலைப் பறித்து உடைக்காதீர்கள்.

அப்புறம் தாராளமாகக் காப்புக் கட்டட்டும். நேர்த்திக்குப் பெரிய பலம் உண்டு, நானே கண்டிருக்கிறேன். எனக்குப் பயம் காப்பு அவிழ்க்கும் நாளில்தான். நேர்த்தி முடிந்தது, இனிக் கேட்க ஆளில்லை என்று அன்றிரவே தொடங்கியவர்கள் பலர். கிளினிக்கின் அடுத்த திகதியை அந்த நாளுக்கு மறுநாளாகக் கேட்டு வாங்குங்கள்.

குடிக்காமல் இருக்கக் கிளினிக்கில் தந்த டைசல்பிரம் குளிசை போடுகிறேன். சித்திரை வருடப் பிறப்புக்கு இரண்டு நாள் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் எடுக்கலாமா? (திருக்கோவில்)

முடியாது. குளிசையை நிறுத்தினாலும் இரண்டு கிழமை வரை அதன் வேலை இருக்கும். அதன் மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் விழும். இதய வருத்தம் உள்ளவருக்கு ஆபத்து அதிகம். சில அரிஷ்டங்களிலும் இருமல் மருந்துகளிலும்கூட மது உண்டு, கேட்டு வாங்குங்கள். வருடப் பிறப்புக்குத் தலையில் வைக்கும் மூலிகை மருத்துநீரைப் பயமில்லாமல் வைக்கலாம்!

நத்தாருக்கு மாமியார் வீட்டில் "ஒரு கிளாஸ் வைன் என்ன செய்யும்?" என்று விட மாட்டார்கள். என்ன சொல்வது? (புளியந்தீவு)

குறைவாகச் சொல்லுங்கள். "வேண்டாம் மாமி, சோடா தாங்க." காரணம் சொன்னால் அதற்கு எதிர்க்காரணம் வரும், விவாதமாகும். நுழைந்த உடனே ஒரு சோடாவைக் கையில் எடுத்துவிடுங்கள். வெறுங்கையைக் கண்டால்தான் கிளாஸ் தேடி வரும். பிராந்தியில் ஊறிய கேக்கையும் விட்டுவிடுங்கள். நாக்கு பழைய ருசியை மறந்திருக்காது.

தம்பி ஹெரோயினை விட்டு மறுவாழ்வு நிலையத்திலிருந்து வந்து மூன்று மாதம். பெருநாள் இரவு பழைய கூட்டாளிகள் கடற்கரைக்குக் கூப்பிடுகிறார்கள். (அக்கரைப்பற்று)

மற்றவர்களுக்குப் போங்கள் என்றேன், இவருக்குச் சொல்ல மாட்டேன். தொழுகை, குடும்பச் சாப்பாடு, உறவினர் வீடு எல்லாம் சரி. அந்தக் கூட்டாளிகள் வேண்டாம். விட்டு மூன்று மாதமானால் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். முன்பு எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடலாம். எழுப்பியும் எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாரித்தால் பக்கவாட்டில் சரித்துப் படுக்க வைத்து 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். பொலிஸ் வரும் என்ற பயத்தில் நேரத்தைக் கடத்தாதீர்கள்.

போன வருடம் தேரன்று ஒரு நாள் குடித்தேன். "இனி என்ன" என்று அது ஒரு மாதமாகிப் போனது. இப்போது மூன்று மாதமாக இல்லை. தேர் வருகிறது. (கொக்கட்டிச்சோலை)

அந்த ஒரு மாதத்தை ஆக்கியது தேர்நாள் இல்லை, மறுநாள் காலை. எல்லாம் போச்சு என்ற வெட்கத்தில் படுத்துக் கிடந்தீர்கள், வெட்கம் தாங்காமல் மறுபடியும் குடித்தீர்கள். மேலே சொன்ன மார்லட் இதைப் பற்றியும் நிறைய எழுதியிருக்கிறார். சறுக்குவது வேறு, விழுந்த இடத்திலேயே படுத்துவிடுவது வேறு.

தேர் இழுக்கப் போங்கள், வடத்தைப் பிடியுங்கள். தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம். மறுநாள் காலை ஏழு மணிக்கு யாரைச் சந்திப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். குடித்திருந்தாலும் குடிக்காவிட்டாலும் அந்த ஆளோடு ஒரு பிளேன்டீ.