பென்சில்வேனியாவில் முதல்முறை மான் வேட்டை: சீசனுக்கு முன் எந்தச் சட்டங்களைப் படித்துக்கொள்ள வேண்டும்?

எச்1பி விசாவில் பிட்ஸ்பர்க்கில் இருக்கிறீர்கள், ஆபீஸ் நண்பர் நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மானைத் தொட்டாலே கேஸ் என்று கேட்டு வளர்ந்தவனுக்கு, அதைச் சுட அரசாங்கமே சீட்டு கொடுக்கிறது என்பது நம்பவே முடியாத சங்கதியாக இருந்தது.

முதலில் விசா விஷயம். வேலை விசாவில் வந்தவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே பொதுவாக ஃபெடரல் குற்றம். நமக்குப் பொருந்தும் விலக்கு, செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. அது வருவதற்கு முன் நண்பரின் ரைஃபிளைச் சும்மா பிடித்துப் பார்க்கிறேன் என்றுகூட வாங்காதீர்கள். ரேஞ்சில் சுட்டுப் பழகுவதும் அதற்கு அப்புறம்தான். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

முதல்முறை லைசென்ஸ் வாங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். ஆன்லைனிலேயே முடிக்கலாம். சாதாரண லைசென்ஸோடு வருவது கொம்புள்ள மானுக்கான டேக், அதாவது சுட்ட மானில் கட்டும் அடையாளச் சீட்டு மட்டும். வேட்டைக்காக மாநிலத்தை 2எஃப், 2டி என்று எண் போட்டு வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள். பெண் மானுக்குத் தனி லைசென்ஸ், வட்டாரக் கணக்கில் கோடையிலேயே விற்பனைக்கு வரும். சில வட்டாரங்களில் சீக்கிரமே தீர்ந்துவிடும். நவம்பரில் யோசித்தால் வண்டி போயிருக்கும்.

துப்பாக்கி சீசன் 2019 முதல் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை தொடங்குகிறது. 2019-க்கு முந்தைய வருஷங்களில் திங்கட்கிழமை. பெரியவர்கள் வாயில் இன்னும் திங்கள்தான் வரும், நம்பிவிடாதீர்கள்.

நான் தடுக்கி விழப் பார்த்தது கொம்புக் கணக்கில். மாநிலத்தின் பெரும்பகுதியில் ஆண் மானுக்கு ஒரு பக்கக் கொம்பில் மூன்று முனை இருக்க வேண்டும். ஒரு அங்குலமாவது நீளம் இருந்தால்தான் கிளை முனையாகும். கொம்பின் நுனி எப்போதும் ஒன்று. முதல் வருஷம் வடக்கே 2எஃப் வட்டாரத்தில் இப்படித்தான் எண்ணப் பழகினேன். மறுவருஷம் 2டி-யில் ஒரு பண்ணை ஓரம். விடிந்து அரை மணி நேரம் இருக்கும், ஒரு ஆண் மான் அறுபது கஜத்தில் பக்கவாட்டாக வந்து நின்றது. பைனாகுலரில் எண்ணினேன்: நுனி, நடுவில் ஒரு கிளை, நெற்றியை ஒட்டிக் குட்டையாக ஒன்று. மூன்று! விரல் துப்பாக்கியின் சேஃப்டி பூட்டுக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த நண்பர் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். மேற்கு ஓரத்து வட்டாரங்களான 1ஏ, 1பி, 2ஏ, 2பி, 2டி-யில் நெற்றிக் கிளை கணக்கில் சேராது. அங்கே அது இரண்டு முனை மான். வட்டார எல்லை பல இடங்களில் வெறும் சாலைதான். சாலைக்கு இந்தப் பக்கம் சுடலாம், அந்தப் பக்கம் கூடாது. அதனால் வேட்டையைக் கவனிக்கும் மாநில அமைப்பான கேம் கமிஷனின் விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று நண்பரிடம் கேட்டு, அந்த வட்டார எண்ணைப் பிடித்துக்கொண்டு உள்ளே போங்கள்.

உடையில், தலை, மார்பு, முதுகு மூன்றும் சேர்த்து 250 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சு, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும். தொப்பியும் வெஸ்ட்டும் போதும். ஆனால் மேலே பேக்பேக் மாட்டினால் முதுகு மறைந்துவிடும் என்பது யாருக்கும் உறைப்பதில்லை. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 கஜத்துக்குள் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வேட்டை கூடாது. தானாக அடுத்த குண்டை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளும் மானுக்கு ஆகாது.

மான் விழுந்ததும் நகர்த்துவதற்கு முன் டேக்கை எழுதிக் காதில் கட்ட வேண்டும். என் முதல் மானுக்கு, குளிரில் பேனா எழுதவே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு பேனாவை அக்குளில் வைத்துச் சூடாக்கியது தனிக்கதை. உள்பாக்கெட்டில் இன்னொரு பேனா வையுங்கள். பத்து நாளுக்குள் கமிஷனுக்குத் தகவலும் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, நம் ஆட்களுக்கென்றே ஒன்று: தலைக்கறி. சிடபிள்யூடி என்ற மூளை நோய் 2012 முதல் இந்த மாநில மான்களில் இருக்கிறது. நோய்ப் பகுதி என்று குறித்த இடத்திலிருந்து தலை, முதுகெலும்பு போன்றவற்றை வெளியே கொண்டுவரக் கூடாது. மனிதருக்குப் பரவியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோயுள்ள மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பதுதான் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசி சொல்வது. என் மாமியார் மூளை வறுவல் கேட்டார். தலை, கமிஷன் வைத்திருக்கும் சோதனைத் தொட்டிக்குப் போய்விட்டது என்றேன். ரிசல்ட் வரும்வரை கறியும் ஃப்ரீசரில்தான் இருந்தது.