சேவைத் துறை வேலை கூடினால் மாநிலம் வளர்கிறதா? டெல்டாவிலிருந்து வந்த கேள்விகள்

கும்பகோணத்திலிருந்து ஒரு மாணவி: சேவைத் துறை ஆட்களின் பங்கு ஏறினால் பொருளாதாரம் முன்னேறுகிறது என்கிறது பாடம். அப்படியே எழுதலாமா சார்?

பரீட்சையில் எழுதலாம், ஆனால் நம்புவதற்கு முன் ஒரு கணக்கு போட்டுப் பாரும்மா. ஒரு ஒன்றியத்தில் வேலை பார்ப்பவர்கள் 100 பேர்: வயலில் 50, ஆலையிலும் கட்டடத்திலும் 20, சேவையில் 30. வயலில் இருந்த 10 பேர் திருப்பூருக்கு பஸ் ஏறிவிட்டார்கள். மிச்சம் 90 பேரில் சேவை அதே 30தான், பங்கு மட்டும் 33.3 சதவீதம் ஆகிவிட்டது. ஊரில் ஒரு பெட்டிக்கடைகூடப் புதிதாகத் திறக்கவில்லை. அதனால் முதலில் தலைகளை எண்ணு, சதவீதத்துக்கு அப்புறம் வரலாம்.

மன்னார்குடி: டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறேன். நான் சேவைத் துறைதானே?

இல்லைங்க, நீங்கள் உற்பத்தித் துறை. தேசியத் தொழில் வகைப்பாடு 2008-ன்படி 45 முதல் 99 வரை உள்ள எண்கள்தான் சேவை. பைக் மெக்கானிக் 45, அதனால் சேவை. டிராக்டர் பழுதுபார்ப்பது 33, அதாவது உற்பத்தி. அளவெடுத்துத் தைக்கும் டெய்லர் 14, ரைஸ் மில் 10, அவர்களும் உற்பத்திதான். கொத்தனாரும் சேவையில் வரமாட்டார். அறுவடை மெஷின் கதை இன்னும் வேடிக்கை: டிரைவரோடு வாடகைக்கு விட்டால் 01, விவசாயம், மெஷினை மட்டும் விட்டால் 77, சேவை.

திருவாரூர்: கொள்முதல் நிலையத்தில் இரண்டு மாதம் மூட்டை தூக்குகிறேன், மற்ற நாளெல்லாம் வயல் வேலை. என்னை எதில் சேர்ப்பார்கள்?

பி.எல்.எஃப்.எஸ். என்ற மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், அவர்கள் கேட்கிற கேள்வியைப் பொறுத்தது. கடந்த 365 நாளில் அதிக காலம் செய்ததை முதன்மை வேலையாகவும், 30 நாளாவது செய்த வேறொன்றைத் துணை வேலையாகவும் எழுதுவார்கள். இப்படி வருடக் கணக்கில் போடும் வழக்கமான நிலை அட்டவணையில் நீங்கள் விவசாயம். வாராந்திர நிலையில் முந்தைய 7 நாளை மட்டும் பார்ப்பார்கள்; சுமை தூக்கிய வாரம் முடிந்ததும் கணக்கெடுப்பவர் வந்தால் சேவை. ஒரு வருடத்துக்கு முதல் அட்டவணையையும் அடுத்த வருடத்துக்கு இரண்டாவதையும் எடுத்து ஒப்பிட்டு 'வளர்ச்சி' காட்டுபவர்கள் உண்டு. ஏமாறாதீர்கள்.

தஞ்சாவூர்: பி.எல்.எஃப்.எஸ். கோப்பை இறக்கி நானே கணக்கிட்டேன். எங்கே தப்பு வரும்?

தொழில் குறியீட்டின் முதல் பூஜ்யத்தில். நெல் சாகுபடியின் குறியீடு 0112 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாகப் படித்துப் பூஜ்யத்தைத் தின்றுவிடும். முதல் இரண்டு இலக்கம் 11 ஆகி, நெல் விவசாயி பானம் தயாரிப்பவர் ஆகிவிடுவார். சேவைப் பங்கு பெரிதாக அசையாது, அதனால் தப்பு கண்ணில் படாது. உற்பத்தித் துறை மட்டும் கன்னாபின்னாவென்று வீங்கும். அந்தப் பத்தியை எழுத்தாக இறக்குங்கள். ஒவ்வொரு வரியையும் அதற்குரிய பெருக்கியால் (அந்த ஆள் எத்தனை பேருக்குப் பிரதிநிதி என்று கோப்பு சொல்லும் எண்) எடையிடுங்கள்.

அடுத்து, சேவையில் வந்தவர்களை வேலை நிலைக் குறியீட்டால் பிரித்துப் பாருங்கள்; இது தொழில் குறியீடு அல்ல, வேறு. 11 சொந்தக் கணக்கில் தொழில், 21 சம்பளமில்லாமல் குடும்பக் கடையில் உதவி, 31 மாதச் சம்பளம். என் பார்வையில் விஷயமே இங்கேதான் இருக்கிறது. கூடியது 31 என்றால் நல்ல செய்தி. 11-ம் 21-ம் கூடியிருந்தால், வேறு வேலை கிடைக்காமல் டீக்கடை போட்டவர்களும் கல்லாவில் உட்கார்ந்த மனைவியும் அந்தக் கணக்கில் இருக்கலாம், சந்தேகப்படுங்கள். 2023-24-ல் நாட்டில் விவசாயத்தில் 46.1 சதவீதம் பேர், சேவையில் பத்துக்கு மூன்று பேர்தான். ஆனால் மதிப்புக்கூட்டலில், அதாவது நாட்டில் உருவாகும் மொத்த உற்பத்தி மதிப்பில், பாதிக்கு மேல் சேவை. அந்தப் பாதி எல்லாக் கடைக்கும் சமமாகப் போய்ச் சேரவில்லை.

மயிலாடுதுறைக்கு மட்டும் தனியாகப் போட்டுப் பார்க்க ஆசை வரும். வேண்டாம், மாதிரி வீடுகள் போதாது.

நாகப்பட்டினம்: துபாயிலிருந்து வரும் பணம் மாநில உற்பத்தியில் சேருமா?

சேராது. அங்கே உழைத்தது அங்கே கணக்கு. ஆனால் அந்தப் பணம் இங்கே ஜவுளிக்கடையில் செலவானால் விற்பனையாளர் வேலை கூடும், அது சேவையில் பதிவாகும்.

திருவையாறு: வேலை கூடியதைக் காட்ட, மாதாமாதம் வரும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) புதுப் பதிவு எண்ணிக்கை போதாதா?

போதாது. 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குத்தான் அது கட்டாயம், உங்கள் கடைத்தெருவில் முக்கால்வாசி அதில் வராது. பத்து வருடமாக வேலை பார்ப்பவரை இந்த மாதம் பதிவு செய்தாலும் புது ஆளாகத்தான் காட்டும்.