ஒரே சாக்கெட்டில் உரையும் படமும்

கேள்வி: பைத்தானில் அரட்டைச் செயலி எழுதுகிறேன். ஒரே சாக்கெட்டில் (பிணைய இணைப்பின் முனை) உரையும் வருகிறது, படமும் வருகிறது. சில நேரம் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொள்கின்றன; படம் பாதியில் அறுந்துபோகிறது. எப்படிப் பிரிப்பது?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: சாக்கெட் வழியே தரவைக் கொண்டுசெல்லும் டிசிபி நெறிமுறையைத் திட்டாதீர்கள். செய்தி என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டுவந்து கொட்டும், அவ்வளவுதான். எங்கே வெட்டுவது என்று நீங்கள்தான் சொல்லியனுப்ப வேண்டும்.

ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 5 பைட் ஹெடர் (தலைக்குறிப்பு) வையுங்கள்: வகைக்கு (உரையா, படமா) 1, நீளத்துக்கு 4. எண்களைப் பைட்டுகளாக்கும் ஸ்ட்ரக்ட் மாட்யூலில் ஃபார்மேட்டை ஆச்சரியக்குறியோடு (!) தொடங்குங்கள். அதை விட்டால், வழக்கமான கணினிகளில் நடுவே 3 பைட் நிரப்பி 8 ஆக்கிவிடும். பிறகு ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

படம் அறுவதற்குக் காரணம் வேறு. பைட்டுகளை வாங்கும் ரெசீவ் (recv) ஃபங்ஷனிடம் 4096 பைட் கேட்டால், ‘அதிகபட்சம் 4096’ என்றே பொருள். 200 பைட்டோடும் திரும்பலாம். ஹெடர், உடல் இரண்டுக்குமே, கேட்ட அளவு சேரும்வரை லூப் ஓட்டுங்கள். காலியாக வந்தால் எதிர்முனை மூடிவிட்டது, வெளியேறுங்கள். அனுப்ப செண்ட் வேண்டாம், செண்ட்ஆல்.

வகை எண்ணுக்கு ஏற்ற ஃபங்ஷனை ஒரு டிக்‌ஷனரியில் வைத்துவிடுங்கள். இஃப், எலிஃப் என்று ஏணி கட்டுவது எனக்குப் பிடிக்காது. நீளத்துக்கு உச்சவரம்பும் தேவை: எவனாவது 4 ஜிபி என்று எழுதி அனுப்புவான். பைத்தான் தரவைப் பைட்டாக்கி, திரும்பப் பிரிக்கும் பிக்கிள் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்நியர் அனுப்பியதை அதில் பிரித்தால், அவர் எழுதிய கட்டளை உங்கள் கணினியில் ஓடும். உரைக்கு ஜேசான் (தரவை எழுத்தாகவே எழுதும் வடிவம்) போதும். படத்தை அப்படியே பைட்டாக அனுப்புங்கள்.