அறிக்கை அக்டோபருக்கு முன்னால் வந்ததா?

சிங்கப்பூரில் ஓர் உயர்கல்வி நிலையத்தின் திட்டப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தேன். கல்லூரிகள் பணத்தை எப்படிப் பங்கிடுகின்றன, அதனால் மாணவர் படிப்பு உண்மையிலேயே மேம்படுகிறதா என்று நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

அண்ணே, நான் பாலிடெக்னிக் விரிவுரையாளர். மாணவர்கள் எதைக் கற்றார்கள், எதில் தடுமாறினார்கள் என்று ஒவ்வொரு பருவமும் அறிக்கை எழுதுகிறேன். யாராவது படிக்கிறார்களா?

படிக்கிறார்கள், ஆனால் பணத்தைப் பங்கு போட்ட பிறகு! நம் அரசாங்க நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. நான் இருந்த இடத்தில், அடுத்த ஆண்டுச் செலவுப் பட்டியலைத் துறைகள் அக்டோபர் நடுவிலேயே கொடுத்துவிட வேண்டும். முதல் பருவத் தேர்வு முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். கற்றல் அறிக்கையோ நவம்பர் கடைசியில் சாவகாசமாக வரும், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு வந்த விருந்தாளி மாதிரி.

அதனால் பன்னிரண்டு பக்க அறிக்கையை ஒரு பக்கமாகக் குறைத்து, செப்டம்பருக்குள் கேட்டோம். செலவுப் படிவத்தில் ஒரு வரியும் சேர்த்தோம்: 'மாணவர்கள் எந்தப் பாடத்தில், எங்கே தடுமாறியதைச் சரிசெய்ய இந்தத் தொகை?' முதல் ஆண்டு பாதிப் பேர் 'பொது மேம்பாடு' என்று எழுதி அனுப்பினார்கள். எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினோம். கேண்டீனில் கொஞ்ச நாள் யாரும் எங்களோடு உட்காரவில்லை.

வகுப்புச் சராசரி நன்றாக இருந்தால் போதாதா?

போதாது. கணக்கியல் பாடம் ஒன்றில் சராசரி நன்றாகவே இருந்தது. கேள்வி வாரியாகப் பிரித்தபோதுதான் தெரிந்தது, ரொக்கப் புழக்கம் பற்றிய நான்காம் கேள்விக்குப் பல தாள்களில் ஒரு வரிகூட இல்லை. தோண்டிப் பார்த்தால், அந்தப் பகுதியைப் பருவத்தின் கடைசியில் நடத்தியிருக்கிறார்கள். அதற்கென்று இருந்த ஒரே டுட்டோரியலும் தேசிய தின விடுமுறையில் போயிருக்கிறது.

அந்த ஆண்டு அந்தத் துறை கேட்டது நாற்பது டேப்லெட். உண்மையில் தேவைப்பட்டது இரண்டுதான்: அந்தப் பகுதியைச் சில வாரம் முன்னால் தள்ளுவது, சிறு குழுக்களுக்குக் கூடுதலாக இரண்டு மணி நேர டுட்டோரியல். முதலாவதற்குக் காசே வேண்டாம். இரண்டாவதற்குப் பகுதிநேர ஆசிரியர் சம்பளம் வேண்டும். வேடிக்கை என்ன தெரியுமா? டேப்லெட்டுக்குச் சட்டென்று அனுமதி கிடைத்திருக்கும். இந்தச் சம்பளத்துக்கு மாதக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கருவி ஒருமுறைச் செலவு, திறப்பு விழாப் படத்துக்கும் ஆகும். ஆள் என்றால் ஆண்டுதோறும் செலவு. கற்றலுக்கு உதவுவது பெரும்பாலும் ஆளும் நேரமும்தான், ஆனால் படிவங்களெல்லாம் கருவி கேட்கத் தோதாகவே இருக்கின்றன. இது என் பழைய ஆதங்கம்.

அடுத்த ஆண்டு அதே வகைக் கேள்வியைக் கொடுத்து, வெற்றுத் தாள்களைக் கையால் எண்ணினோம். விரல் விட்டு எண்ணிவிடலாம் போல இருந்தன. பல கல்லூரிகள் இந்த எண்ணும் வேலையைத்தான் விட்டுவிடுகின்றன.

சென்னையில், இந்தியக் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழுவின் வருகைக்குக் கோப்பு தயாரித்தவள் நான். இப்போது இங்கே ஒரு தனியார் கல்லூரியில் இருக்கிறேன். இங்கேயும் அதே கூத்துதானா?

கூத்து எங்கேயும் உண்டு, அக்கா. 1994இல் உருவான நாக் அமைப்பின் ஏழு அளவுகோல்களை நினைத்துப் பாருங்கள். கற்றல் விளைவுகள் இரண்டாவதில், நிதி நிர்வாகம் ஆறாவதில். உங்கள் கோப்பில் இந்த இரண்டு பகுதிகளையும் எழுதியவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியிருப்பார்களா?

இங்கே வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கத் தனியார் கல்லூரிக்கு எடுடிரஸ்ட் (EduTrust) என்னும் தரச் சான்றிதழ் அவசியம். நான்கு ஆண்டுக்குக் கிடைக்குமா, ஓர் ஆண்டுக்கா என்பதில் பிழைப்பே அடங்கியிருப்பதால் கோப்புகள் தடிக்கின்றன. பாலிடெக்னிக்குகளுக்குக் கல்வி அமைச்சின் தர உறுதி முறை இருக்கிறது: முதலில் சுயமதிப்பீடு, அப்புறம் வெளியாட்கள் வந்து சரிபார்ப்பார்கள்.

கண்டிப்புக்கு அமெரிக்காவைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரிக்கு 2012இல் அங்கீகாரமே போகும் நிலை வந்தது. சொல்லப்பட்ட குறைகளில் திட்டமிடலும் நிதி ஒதுக்கீடும் சேர்ந்து நடக்காததும் ஒன்று. 2017இல்தான் முழு அங்கீகாரம் திரும்ப உறுதியானது.

மகன் ஓ நிலைத் தேர்வு எழுதியிருக்கிறான். பாலிடெக்னிக் பொது வரவேற்பு நாளில் என்ன கேட்கலாம்?

பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வில் சம்பளம் தெரியும், கற்பித்தல் தெரியாது. 'போன வருஷம் இந்தப் படிப்பில் எதை மாற்றினீர்கள், ஏன்?' என்று கேளுங்கள். புது ஆய்வகத்தை மட்டும் காட்டினால், இலவசப் பையை வாங்கிக்கொண்டு அடுத்த அரங்குக்குப் போய்விடுங்கள்.

பருவ முடிவில் நாங்கள் நிரப்பும் கருத்துப் படிவம் குப்பைக்கா, அங்கிள்?

'செம போர்' என்று எழுதினால், ஆமாம். ஒரு பெண், 'ஏழாம் வார ஆய்வகக் கையேட்டில் மூன்றாம் படியைக் காணோம்' என்று எழுதியிருந்தாள். அந்த வாரமே சேர்த்துவிட்டார்கள்.