சுவரில் கறை படாமல் வான்கோ: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு 8 வயது, மகனுக்கு 5. இரண்டு பேரையும் வீட்டிலேயே படிக்க வைக்கிறோம். புகழ்பெற்ற ஓவியர்களைப் பற்றிச் சொல்லித்தர ஆசை, ஆனால் இருப்பது வாடகை வீடு, வெள்ளைச் சுவர், கீழ்வீட்டில் ஓனர். எண்ணைப் பார்த்து வண்ணம் நிரப்புகிற வான்கோ கிட் ஒன்று வாங்கினேன். மகள் அழகாக முடித்துவிட்டாள், ஆனால் வான்கோ எப்படி வரைவார் என்று கேட்டால் முழிக்கிறாள். வேறு எந்த கிட் வாங்கலாம்?
– வாசகி, கோவை

பதில்: 4 என்று போட்ட கட்டத்தில் நீலம், 7 என்றால் மஞ்சள். அந்த கிட் சொல்லித்தருவது அவ்வளவுதான், அதில் வான்கோவுக்கு வேலையே இல்லை. போதாததற்கு அந்தக் குட்டி டப்பாக்களில் வருவது பெரும்பாலும் அக்ரிலிக். துணியில் பட்டுக் காய்ந்தால் போகவே போகாது. ஓவியரை முடிவு செய்துவிட்டு அழுக்காகாத கிட் தேடுவதை விடுங்கள். அழுக்கே ஆகாத முறையில் வேலை செய்த ஓவியர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸ். 1941-ல் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது, அதற்குப் பிறகு படுக்கையும் சக்கர நாற்காலியுமாக ஆகிவிட்டது. உதவியாளர்கள் காகிதத்தில் வண்ணம் பூசிக் கொடுப்பார்கள், இவர் கத்தரிக்கோலை எடுத்து, பென்சிலால் கோடுகூடப் போடாமல் அப்படியே வெட்டுவார். லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கும் 'நத்தை' 1953-ல் அப்படிச் செய்ததுதான். கிட்டத்தட்ட 3 மீட்டருக்கு 3 மீட்டர், ஒரு அறைச்சுவர் அளவு. உங்களுக்கு வேண்டியது கலர் பேப்பர், முனை மழுங்கின கத்தரிக்கோல், க்ளூ ஸ்டிக். ஆனால் ஒன்று, க்ளூ ஸ்டிக்கை உடனே கையில் கொடுத்துவிடாதீர்கள். மத்தீஸ் துண்டுகளைச் சுவரில் ஊசியால் குத்தி வைத்து, பார்த்து, மாற்றி, மறுபடியும் மாற்றி, கடைசியில்தான் ஒட்ட விட்டார். பிள்ளைகளும் தரையில் பரப்பி நகர்த்திப் பார்க்கட்டும். அந்த நகர்த்தல்தான் பாடம், ஒட்டுவது சும்மா முடிவுரை. விற்கிற கட்-அவுட் கிட்டுகளில் வடிவங்களை வெட்டியே கொடுத்துவிடுகிறார்கள், அதை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று எனக்குப் புரியவே இல்லை.

அடுத்து மோந்த்ரியான். நெதர்லாந்துக்காரர், நேர்கோடுகளும் கட்டங்களுமாகப் படம் போட்டவர், 1940-ல் போருக்குத் தப்பி நியூயார்க் வந்தவர். அங்கே கடைசிக் காலத்தில் வண்ணக் காகித டேப்பை ஓவியம் வரையும் கேன்வாஸ் துணியில் ஒட்டி, பிய்த்து, இடம் மாற்றித்தான் கோடுகளை முடிவு செய்தார். அவர் டேப் ஒட்டிய ஒரு படம் ஜெர்மனியில் டுசெல்டோர்ஃப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது பல வருடமாகத் தலைகீழாகத் தொங்குகிறதோ என்று 2022-ல் ஒரு பேச்சு கிளம்பியது. சரி, திருப்பிவிடலாமே என்றால் டேப் உதிர்ந்துவிடுமாம், அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லிப் பாருங்கள், உங்கள் பையன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சிவப்பு, நீல, மஞ்சள் இன்சுலேஷன் டேப் போதும். சார்ட்டில் ஒட்டச் சொல்லுங்கள், சுவரில் வேண்டாம், அப்புறம் ஓனருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மகளுக்கு ஜார்ஜ் சூராவும் பிடிக்கும். சிகாகோவில் இருக்கும் அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பூங்கா ஓவியம் 1884-ல் தொடங்கி 1886-ல் முடித்தது, கிட்டே போனால் புள்ளி புள்ளியாகத் தெரியும். வண்ணங்களைக் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்கிறவர் கண்ணே கலந்துகொள்ளும் என்று அவர் நம்பினார். ஸ்கெட்ச் பேனாவால் சிவப்பும் மஞ்சளுமாக நெருக்கமாகப் புள்ளி வைத்து, ஹாலின் அந்தக் கோடியில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், ஆரஞ்சாகத் தெரியும். மஞ்சளும் நீலமும் வைத்தால் பச்சை கொஞ்சம் மங்கல்தான். அதையும் அவளே கண்டுபிடிக்கட்டும்.

வான்கோவை விடவேண்டாம். பெயின்ட்டைக் கெட்டியாக அப்பினவர் அவர், அதனால் அட்டையில் க்ளேவை விரலால் இழுத்து இழுத்து அந்தச் சுழல்களைச் செய்தால் கை தானாகப் புரிந்துகொள்ளும். செய்து முடித்த பிறகு அசலின் பெரிய படத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: தண்ணீர் பிரஷ் தேய்த்தால் நிறம் தெரிகிற புத்தகம் 3 வயதுக் குழந்தைக்குப் பிரயோஜனமா?
– வாசகர், திருச்சி

பதில்: ரயில் பயணத்துக்கு ரொம்ப நல்லது. காய்ந்தால் நிறம் மறைந்துவிடும், மறுபடியும் தேய்க்கலாம். ஓவியர் பாடம் அதில் வராது. அந்த வயதுக்கு ஸ்டிக்கர் பொட்டு அட்டையைக் கொடுத்து ஜப்பான் ஓவியர் யாயோய் குசாமாவின் அறையைப் பற்றிச் சொல்லுங்கள்: 2002-ல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் அருங்காட்சியகத்தில், மேஜை நாற்காலி எல்லாம் வெள்ளையாக இருந்த ஓர் அறை, குழந்தைகள் கையில் வண்ணப் பொட்டுகள், எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம். நீங்கள் ஒரு ஷூ டப்பாவை வெள்ளைக் காகிதத்தால் மூடிக் கொடுத்தால் போதும்.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள்தானா? நம் ஊரில் ஓவியரே இல்லையா?
– வாசகி, மதுரை

பதில்: நியாயமான கோபம். ஜீவ்யா சோமா மாஷேயைச் சொல்லுங்கள். மகாராஷ்டிராவின் வார்லி பழங்குடி ஓவியர், 2011-ல் பத்மஸ்ரீ பெற்றவர். அரிசி மாவு வெள்ளையில் சடங்குக்காக மண்சுவரில் பெண்கள் போட்டுவந்ததைத் தினசரி வரைய ஆரம்பித்த ஆண் அவர். பழைய பிரவுன் கவரும் வெள்ளை ஜெல் பேனாவும் இருந்தால் போதும், முக்கோணம், வட்டம், கோடு என்று மனிதர்கள் வந்துவிடுவார்கள். வங்காள ஓவியர் ஜாமினி ராயும் இதற்குப் பொருத்தம், தடித்த கறுப்புக் கோடு, உள்ளே தட்டையான நிறம், ஸ்கெட்ச் பேனாவுக்கென்றே போட்ட மாதிரி. சென்னைப் பக்கம் போனால் கே.சி.எஸ். பணிக்கர் 1966-ல் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு ஒரு நடை கூட்டிப்போங்கள்.

கேள்வி: வான்கோ காதை அறுத்துக்கொண்டதை 7 வயதுப் பையனிடம் சொல்லலாமா?
– வாசகர், சேலம்

பதில்: நீங்களாக ஆரம்பிக்க வேண்டாம். அவனே கேட்டால், உடம்பு சரியில்லாமல் இருந்தார், அப்போது தன்னையே காயப்படுத்திக்கொண்டார், பிறகு மருத்துவமனையில் இருந்தபடியே நிறைய வரைந்தார் என்று சொல்லுங்கள். விண்மீன் இரவு ஓவியம் 1889 ஜூனில் அங்கே இருந்தபோது வரைந்ததுதான், ஜன்னலில் தெரிந்த வானம் அது. தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் சின்னச் சின்னப் படங்களும் போட்டு அனுப்பியிருக்கிறார்; பேச்சை அந்தப் பக்கம் திருப்பி, பையனையும் தாத்தாவுக்கு ஒரு படக்கடிதம் எழுதச் சொல்லுங்கள். பேனா, காகிதம் தவிர எதுவும் வேண்டாம்.