பத்துச் சுரங்களும் ஒரு காலி மாடிப்படியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். திகில் படங்களின் இசை பற்றி நீங்கள் எழுதிய குறிப்பில், 1978இல் வெளிவந்த ‘ஹாலோவீன்’ படத்தின் இசையை மிக உயரத்தில் வைத்திருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தேன். பயந்தேன், மறுக்கவில்லை. மறுநாள் ஒரு சந்தேகம் வந்து, ஒலியை முழுக்க அணைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். பயம் போன இடம் தெரியவில்லை. ஒரு தெரு, சில வீடுகள், பேசிக்கொண்டு நடக்கும் பெண்கள், முகமூடி போட்ட ஒருவன். அவ்வளவுதான்.

அப்படியானால் முந்தைய நாள் என்னைப் பயமுறுத்தியது பியானோதான், படத்துக்கு அதில் பங்கே இல்லை. இது எனக்கு ஏமாற்று வேலையாகப் படுகிறது. காட்சியால் செய்ய முடியாததை இசையை வைத்துச் சரிக்கட்டிவிடுகிறார்கள். அதுவும் என்ன இசை? சின்னப் பிள்ளைகூட ஒரு வாரத்தில் பழகிவிடக்கூடிய நாலு சுரம், திரும்பத் திரும்ப. நடுநடுவே ஆளைத் தூக்கிப்போடும் ஒரு வீறிடல். இசையைத் தனியாகவும் கேட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் சலித்துவிட்டது. உண்மையான பயம் மௌனத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

படத்தை இரண்டு முறை பார்த்து, ஒலியை அணைத்துச் சோதித்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். இப்படி ஒரு கடிதம் வருவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. உங்கள் சோதனையின் முடிவை நான் மறுக்கப்போவதில்லை. படத்தின் இயக்குநர் ஜான் கார்ப்பென்டருக்கே அது நடந்திருக்கிறது. படத்தொகுப்பு முடிந்த நிலையில், இசையும் ஒலிகளும் சேர்க்காமல், ஒரு பெரிய ஸ்டுடியோவின் இளம் பெண் நிர்வாகிக்கு அவர் படத்தைப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண் துளியும் பயப்படவில்லை. இசையைக் கொண்டு இந்தப் படத்தைக் காப்பாற்றியே தீருவது என்று அப்போதுதான் உறுதி செய்துகொண்டதாகக் கார்ப்பென்டரே பிறகு எழுதியிருக்கிறார். சில மாதங்கள் கழித்து அதே பெண்மணி படத்தை மனதாரப் பாராட்டினார். இடையில் சேர்ந்தது இசைதான்.

இதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவுதான் எனக்கு ஒப்புதலாக இல்லை. காட்சி தோற்ற இடத்தில் இசை முட்டுக் கொடுக்கிறது என்கிறீர்கள். இந்தப் படத்தின் காட்சிகள் வேண்டுமென்றே இடம் விட்டு எடுக்கப்பட்டவை என்று நான் நினைக்கிறேன். அகலத்திரையில், பகல் வெளிச்சத்தில் ஒரு தெரு. ஒரு பெண் ஒரு ஓரத்தில் நடக்கிறாள். மீதித் திரை முழுவதும் புல்தரை, நடைபாதை, வேலிச்செடி. வேலியருகே ஒருவன் நிற்பதை அவள் பார்க்கிறாள். தோழி போய்ப் பார்த்தால் அங்கே யாரும் இல்லை. இயக்கியவரும் இசையமைத்தவரும் ஒருவரே என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தக் காலி இடத்தில் யார் குடியிருக்கப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து, நாலு சுரம் என்று நீங்கள் எழுதியது. இதற்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். எண்ணிப் பார்த்தால் உண்மையில் மூன்றே சுரங்கள்தான். பியானோவின் மேல்வரிசையில் பத்துத் தட்டு விழுகிறது; அது முடிந்ததும் மறுபடியும் அதே பத்து. ஆதார சுருதியை ஸ என்று வைத்துக்கொண்டால், அது இப்படி வரும்: ப ஸ ஸ, ப ஸ ஸ, ப ஸ, த ஸ. சொற்கட்டாகச் சொன்னால் தகிட, தகிட, தக, தக. இரண்டு தட்டை ஒன்றாக எண்ணும் மேற்கத்திய கணக்கில் ஐந்து எண்ணிக்கை. கார்ப்பென்டரின் தந்தை இசை ஆசிரியர். பையனாக இருந்தபோது பாங்கோ மேளத்தில் ஐந்து எண்ணிக்கை வாசிக்க அவருக்குப் பழக்கிக் கொடுத்தார். 1961இல் கற்ற அந்தப் பயிற்சிதான் இந்த இசையின் விதை என்று மகன் எழுதியிருக்கிறார்.

ஐந்து என்பது நமக்குப் புதிதல்ல. நம் கண்டச் சாப்புத் தாளத்தில் ஐந்தும் இரண்டும் மூன்றுமாக விழும்போது உடல் அதற்குப் பழகி, ஆடக்கூடத் தொடங்கிவிடும். இங்கே அடுக்கு வேறு. இரண்டு தகிட கேட்டதும் மூன்றாவது தகிட வரும் என்று காது நம்பிக் காத்திருக்கிறது. அந்த இடத்தில் தக தக என்று வந்து, சுற்று சட்டென்று முடிந்து, முதல் தகிட மறுபடி தொடங்கிவிடுகிறது. வேகம் மாறவே இல்லை, ஆனால் யாரோ நடையை எட்டிப்போட்டதுபோல் இருக்கிறது. முதல்முறை இதைக் கேட்டபோது என் கை தன்னையறியாமல் தொடையில் நான்கு நான்காகத் தாளம் போட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அது பிந்திப் பிந்திப் போயிற்று. எனக்கு முதுகு சில்லிட்டது அப்போதுதான். திரையில் அந்த நேரத்தில் இருந்தது கறுப்புப் பின்னணியில் ஒரு செதுக்கிய பூசணிக்காயும் அதற்குள் ஒரு விளக்கும் மட்டுமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். பத்துத் தட்டுகளில் ஒன்பதாவதில் மட்டும் ப மாறி, அதற்கு அரைச் சுரம் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் சுத்த தைவதம் வருகிறது. தாளம் காதை ஏமாற்றுகிற அதே இடத்தில் சுரமும் விலகுகிறது. பிறகு கீழே கனத்த ஒலிகள் வந்து சேர, மொத்த உருவும் அரைச் சுரம் இறங்கி ஒலிக்கிறது. சின்னப் பிள்ளை ஒரு வாரத்தில் வாசித்துவிடலாம் என்பது சரி. இதை இங்கே வைக்க வேண்டும் என்று முடிவெடுப்பது வேறு காரியம். சுமார் 3 லட்சம் டாலரில் எடுத்த படம். வாத்தியக் குழு வைத்துக்கொள்ள வசதி இல்லை. டான் வைமன் என்பவர் சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியங்களை அமைத்துக் கொடுத்தார், கார்ப்பென்டர் வாசித்தார். கையில் இருந்தது குறைவு என்பதால் ஒவ்வொன்றும் எங்கே விழ வேண்டும் என்று யோசித்திருக்கிறார்.

அந்த வீறிடல்கள் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். முகமூடிக்காரன் திரைக்குள் நுழையும்போதெல்லாம் சுரீரென்று ஓர் ஒலி. அதற்கு உடல் துள்ளுகிறது. கதவை யாராவது ஓங்கிச் சாத்தினாலும் இப்படித்தான் துள்ளும். அது திடுக்கிடல், அச்சம் என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னால் வந்த எத்தனையோ படங்கள் இந்தப் படத்திடமிருந்து பியானோவை விட்டுவிட்டு இந்தச் சுரீரை மட்டும் எடுத்துக்கொண்டன. எனக்கு அதில் தீராத வருத்தம் உண்டு.

மௌனம் பற்றி. இயக்குநர் ஹிட்ச்காக் 1963இல் எடுத்த ‘தி பேர்ட்ஸ்’ படத்தில் பின்னணி இசை கிடையாது. ஆனால் அங்கே இருப்பது மௌனம் அல்ல. பறவைகளின் சிறகடிப்பும் கூச்சலும் பெரும்பகுதி ஆஸ்கர் சாலாவின் டிரவுட்டோனியம் என்ற மின்வாத்தியத்தில் உருவாக்கப்பட்டவை. ஒலி ஆலோசகராக இருந்தவர் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். மூன்று வருடத்துக்கு முன் இதே ஹிட்ச்காக் உங்களைப் போலத்தான் நினைத்தார். ‘சைக்கோ’ படத்தின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஹெர்மன் கேட்கவில்லை, எழுதி எடுத்துவந்து போட்டுக் காட்டினார். ஹிட்ச்காக் தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அந்த வயலின் அலறலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதற்கு வெகு முன்னால், பின்னால் குளியலறையில் கொலையாகும் பெண் பணத்தைத் திருடிக்கொண்டு கார் ஓட்டிப்போகும் காட்சி. கையில் ஸ்டியரிங், முன்னால் சாலை, பிறகு மழை. தந்தி வாத்தியங்கள் மட்டும் விடாமல் துரத்திக்கொண்டே வரும். ஒலியை அணைத்துப் பார்த்தால் அதுவும் ஒரு பெண் கார் ஓட்டும் காட்சிதான்.

தனியாகக் கேட்டால் சலிக்கிறது என்றீர்கள். சலிக்கும். ‘சைக்கோ’ இசையை என்னால் படமில்லாமல் முழுக்கக் கேட்க முடிகிறது. ‘ஹாலோவீன்’ இசையில் தலைப்பிசையைத் தாண்டிப் போக முடிவதில்லை. அதை ஒரு குறையாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒலியில்லாமல் பார்த்தபோது படத்தின் கடைசி நிமிடத்தை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். குண்டுகள் பாய்ந்து மாடியிலிருந்து விழுந்த முகமூடிக்காரன் புல்தரையில் இல்லை. அதன் பிறகு படம் எந்த ஆளையும் பின்தொடர்வதில்லை. கதை நடந்த இடங்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறது: காலியான கூடம், காலியான மாடிப்படி, இருட்டில் வெளியிலிருந்து பார்த்த வீடுகள். ஒன்றிலும் யாரும் இல்லை. ஒலியை அணைத்துவிட்டால் வீடு வாடகைக்கு என்று போடும் விளம்பரப் படங்கள் மாதிரிதான் அவை இருக்கும். ஒலியோடு பார்த்தால் முகமூடிக்குள்ளிருந்து மூச்சு கேட்கிறது, அதனடியில் தொடக்கத்தில் பூசணிக்காயின்மேல் ஒலித்த அதே தகிட தகிட தக தக. மாடிப்படியில் அவன் இருக்கிறானா, அடுத்த வீட்டிலா, தெருவிலா? படம் சொல்லவில்லை. அவனை எங்கேயாவது ஓரிடத்தில் காட்டியிருந்தால் மற்ற இடங்களில் அவன் இல்லை என்று ஆகியிருக்கும்.

அந்த ஒரு நிமிடத்தை மட்டும் இன்னொரு முறை ஒலியோடு பாருங்கள். கையால் தாளம் போட்டுக்கொண்டே பாருங்கள். கை எந்த இடத்தில் தவறுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.