கச்சான் காலத்தில் சிறு வள்ளம்: கேள்வி பதில்

கச்சான் என்றால் தென்மேற்குக் காற்று. அது அடிக்கும் பருவத்தில், குமரி மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுக்குத் தடை. வள்ளமும் கட்டுமரமும் போகலாம். அதாவது கடல் மோசமாக இருக்கும் இரண்டு மாதம் சின்னதுகள்தான் வெளியே நிற்கும். அதைப் பற்றிக் கேளுங்கள்.

குளச்சலிலிருந்து: அண்ணே, போனில் அலை 1.5 மீட்டர்னு காட்டுது. முப்பதடி ஃபைபர் வள்ளம். போகலாமா?

அந்த 1.5 எல்லா அலைக்கும் உச்ச அளவு இல்லை தம்பி. அலைகளை உயரப்படி வரிசைப்படுத்தி, மேலே உள்ள மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துப் போடும் சராசரி. இடையில் ஒன்று அதைப்போல இரண்டு மடங்கு வரைகூட எழும்பும். அப்புறம், உயரத்துக்குப் பக்கத்தில் விநாடிக் கணக்கு ஒன்று இருக்கும், ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவே எத்தனை விநாடி என்பது, அதை யாரும் பார்ப்பதில்லை. 6, 7 விநாடி என்றால் இங்கே அடிக்கிற காற்று கிளப்பிய அலை. 16, 18 என்றால் தெற்கே வெகுதூரத்துப் புயலில் கிளம்பி, நாள்கணக்கில் ஓடி வந்தது, நாம் கள்ளக்கடல் என்கிறோமே அதுதான். ஆழத்தில் உங்களுக்குத் தெரியவே தெரியாது, வள்ளம் மெல்ல ஏறி இறங்கும். கரைக்கு வரும்போது ஆழம் குறையக் குறைய அதே அலை நிமிர்ந்து உடையும், இரண்டு மீட்டர் அலை ஏறக்குறைய இரண்டரை மீட்டர் ஆழத்திலேயே உடைந்துவிடும். மணல் சேர்ந்த முகத்துவாரத்தில் ஆழம் அவ்வளவுதான். தேங்காய்ப்பட்டணத்தில் எத்தனை வள்ளம் கவிழ்ந்திருக்கிறது, எல்லாம் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில். காற்றே இல்லாத நாளிலும் முகத்துவாரத்தை நம்பாதீர்கள்.

நாகர்கோவிலிலிருந்து: விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுமா?

அது பூம்புகார் கப்பல் கழகம் முடிவு செய்வது. படகுத்துறையில் கேளுங்கள்.

முட்டத்திலிருந்து: எங்க தாத்தா கட்டுமரத்தில் போனார், லைஃப் ஜாக்கெட்டா போட்டார்? நீச்சல் தெரிந்தவனுக்கு அது எதுக்கு?

கட்டுமரத்தை இதோடு சேர்க்காதீர்கள். மரங்களுக்கு நடுவே தண்ணீர் வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் புரட்டிப்போட்டு ஏறலாம். ஃபைபர் வள்ளம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு அலை உள்ளே விழுந்து 500 லிட்டர் நின்றால் அரை டன். அது சும்மா நிற்காது, வள்ளம் சாயும் பக்கமே ஓடும், அடுத்த அலை சின்னதாக இருந்தாலும் போதும், கவிழ்த்துவிடும்.

முட்டத்திலிருந்து மறுபடி: அப்போ கட்டுமரமே நல்லதுனு ஒத்துக்கிறீங்க. நீச்சலுக்குப் பதில் சொல்லலையே.

முங்காது என்பதில் நல்லது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆளை அலை அடித்துக்கொண்டு போனால் மரம் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நீச்சலுக்கு வருகிறேன். வள்ளம் புரளும்போது எஞ்சின் மண்டையில் அடிக்கும், காலில் வலை சுற்றும், அலைத்தடுப்புக் கல்லில் கொண்டுபோய் மோதும். மயங்கியவனுக்கு என்ன நீச்சல்? ஜாக்கெட் நீந்தத் தெரியாதவனுக்கு மட்டும் என்ற பேச்சு நம் கரையில் எத்தனை நல்ல நீச்சல்காரர்களைக் கொண்டுபோயிருக்கிறது! அணியத்துக்கு, அதாவது வள்ளத்தின் முன்முனைக்கு, அடியில் சுருட்டி வைத்தால் அது ஜாக்கெட் இல்லை. முகத்துவாரம் வருவதற்கு முன்னாலேயே போட்டுக் கட்டுங்கள்.

தூத்தூரிலிருந்து: ஐயா, இவங்க சண்டை இருக்கட்டும். உள்ளே வரும்போது அலை பெரிசா இருந்தா என்ன செய்ய?

வெளியே நில்லுங்கள். பெரிய அலை கூட்டமாக வரும், பின்னாலேயே கொஞ்சம் அடங்கும். அந்த இடைவெளியில் ஒரு அலையின் முதுகில் அமர்ந்தமாதிரி, அதன் வேகத்திலேயே வாருங்கள். முந்திப்போய் அதன் முன்முகத்தில் இறங்கினால் அணியம் குத்தும், பின்பக்கம் திரும்பும், வள்ளம் அலைக்குக் குறுக்கே விழும், அவ்வளவுதான். எஞ்சினை நிறுத்தும் கயிற்றைக் கையில் மாட்டியிருக்க வேண்டும். அடங்கவே இல்லையா, வேறு துறைக்குப் போங்கள். மண்ணெண்ணெய்க் காசு பார்க்காதீர்கள்.

எஞ்சின் நின்றுபோனால் நங்கூரத்தையோ வலையையோ அணியத்தில் கட்டி விடுங்கள், முகம் அலையைப் பார்க்கட்டும். பின்பக்கம் கட்டினால் எஞ்சின் பக்கமாகத் தண்ணீர் ஏறும்.

குளச்சலிலிருந்து இன்னொருவர்: அலை 1.4 காட்டுது. போலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

மணக்குடியிலிருந்து: ஒக்கி மாதிரி வந்தா ஆப் முன்னாலயே சொல்லிடும்ல?

2017 நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், 30 காலையில் புயல். அதற்குள் நம் ஆட்கள் கடலுக்குள் இருந்தார்கள். கரையில் வரும் எச்சரிக்கை ஆழ்கடலில் நிற்பவனுக்கு எப்படிப் போய்ச் சேரும்? போன் கோபுரம் எட்டாது. விஎச்எஃப் கருவி, அதாவது கடலில் பேசும் ரேடியோ, வையுங்கள், பேட்டரியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பெயர் இல்லை: நாளைக்கு அலை 1.6…

முகத்துவாரம். விநாடிக் கணக்கு. மேலே இருக்கிறது, இதற்கு இனி பதில் இல்லை.

ராஜாக்கமங்கலத்திலிருந்து: கவிழ்ந்துட்டா கரைக்கு நீந்தலாமா?

வேண்டாம். கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டே இருங்கள், எல்லோரும் ஒன்றாக. மேலிருந்து தேடுபவனுக்கு வள்ளம் தெரியும், தனித் தலை தெரியாது. கரையில் இருப்பவர்கள் 1554க்கு அடியுங்கள், கடலோரக் காவல்படை எண். எந்தத் துறையிலிருந்து, எத்தனை மணிக்கு, எந்தத் திசையில் போனார்கள் என்று சொல்ல வேண்டும், அதனால் கிளம்பும்போதே வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.